கீழே இருந்தவளுக்குச் சொன்ன கிரகணம்

சந்திர கிரகணம் பார்க்க ஒன்றும் வேண்டாம். சூரிய கிரகணத்துக்குத் தேடுகிற கண்ணாடி வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், ஊர் விட்டு ஊர் போக வேண்டாம். எங்கெல்லாம் நிலா வானத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தாலே போதும், மேகம் மட்டும் வழி விடவேண்டும். இருந்தும் 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் தெருவில் மொட்டை மாடி ஏறியிருந்தவள் நான் ஒருத்திதான். சுற்றிலும் ஜன்னல்களில் டி.வி. வெளிச்சம். தலைக்கு நேர் மேலே நடப்பதை மக்கள் கூடத்தில் உட்கார்ந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் என் கால்களுக்குக் கீழே, அக்கா மகள் உட்கார்ந்திருந்த அறையில் இருந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல மாதங்களாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இடம் கடலூர், திருப்பாதிரிப்புலியூர், அக்கா வீடு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். அக்கா மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்கிக்கொண்டிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டுக் கடை முடிந்துவிட்டது. தயிர்ப் பாத்திரம், ஊறுகாய் ஜாடி, மாவுச் சட்டி எல்லாவற்றின் மேலும் தர்ப்பை. அவள் அறை ஜன்னலுக்கு இரட்டைத் திரை. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது என்று எடுத்துப் போனதோடு, அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்குகளைக்கூட அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தாள். அவள் மறுவார்த்தை பேசாமல் தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. ஆண்டுதோறும் கரும்பலகையில் சூரியன், பூமி, நிலா என்று மூன்று வட்டம் போட்டு, நடுவில் இருட்டான கருநிழல், அதைச் சுற்றி மங்கலான புறநிழல் என்று கோடிழுத்துப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள். முழு சந்திர கிரகணத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. அதற்கு வாய்த்த இரவு வந்தபோது அவளுக்குத் திரை போட்ட அறை.

"மாடிக்கு வாயேன்" என்றுதான் முதலில் கூப்பிட்டேன். "பாட்டி மனசு சங்கடப்படும் சித்தி. நீங்க பார்த்துச் சொல்லுங்க, போதும்" என்றாள். அவள் வயசுக்கு அவள் முடிவு. கையைப் பிடித்து இழுத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடிப்படி அவள் அறை வாசலில்தான் தொடங்குகிறது. அவள் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான் மேல்படிக்கும் தளத்துக்கும் நடுவில் பாயை விரித்தேன். பேசினால் கேட்கிற தூரம்.

பார்ப்பதும் சொல்வதும்

எட்டே முக்காலிலிருந்தே நிலா தென்கிழக்கில் நல்ல உயரத்தில் இருந்தது. 8.58க்குப் புறநிழல் தொடங்குகிறது என்று கணக்கு, ஆனால் கண்ணுக்கு அது ஒன்றும் தெரியாது. ஒன்பதரைக்கு மேல்தான் கீழ் இடது ஓரம் லேசாக அழுக்குப் பட்டதுபோல் மங்கும். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு மேகத்திரள் வந்து நிலாவை மூடியது. கூடத்திலிருந்து டி.வி. சத்தம்: கிரகணம் தொடங்கிவிட்டது. மணி 9.57. அம்மா மாற்றுப் புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள். பிடிக்கும்போது ஒரு குளியல், விட்ட பிறகு ஒரு குளியல், அது அவள் வழக்கம். சின்ன வயதில் தேவனாம்பட்டினத்துக் கடலுக்கே நடந்துபோய் முழுகியவள்.

"பிடிச்சாச்சாம், குளிச்சுடும்மா" என்றேன் மேலிருந்து.

"டி.வி. சொல்லட்டும். நீ கண்ணால பார்த்தியா?"

மேகம் மறைத்திருக்கிறது என்றேன். "அப்ப பொறு" என்று சொல்லி அப்படியே நின்றாள். எண்பதை எட்டப்போகும் வயசில், காலைக்கூட மாற்றாமல். மேகம் விலகிப் பார்த்தபோது நிலாவின் கீழ் விளிம்பில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. "பிடிச்சிருச்சும்மா" என்று கத்தினேன். தண்ணீர் விழும் சத்தம் உடனே கேட்டது.

எனக்கு இது புதிய பாடம். நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டும் இல்லை, குளியலும் இல்லை என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. அதாவது இந்தச் சடங்கு முழுக்கக் கண்ணை நம்பி நிற்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும். பார்ப்பதைத் தடுக்கிற வழக்கம் என்று நான் நினைத்திருந்த ஒன்றின் நடுவிலேயே, பார்த்தவர் சொல்லுக்குத்தான் மதிப்பு என்ற பிடிவாதமும் இருந்தது. நேரலையை நம்பாமல் மகள் கண்ணை நம்பிய அம்மாவை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

படிக்குக் கீழிருந்து அடுத்த கேள்வி வந்தது. "சித்தி, நிழலோட ஓரம் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

வளைந்துதான் இருந்தது. அவளுக்கும் தெரியும், அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தெரியும். பூமி உருண்டை என்பதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் இந்த வளைவும் ஒன்று. ஆனாலும் அவள் கேட்டபோதுதான் அந்த ஓரத்தை நான் உற்றுப் பார்த்தேன். பிறைநிலாவில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே வரும் கோடு வேறு மாதிரி. இதன் விளிம்பு கூர்மையாக இல்லை, புகைந்துபோய் இருந்தது. நிலாவின் வட்டத்தைவிடப் பெரிய ஏதோ ஒரு வட்டத்தின் சிறு பகுதி என்று பார்த்தவுடன் தெரிந்தது. நாம் நிற்கிற இந்த மண்ணின் உருவத்தை, ராக்கெட் ஏறாமல், ஒரு சாதாரண ஆள் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அந்த விளிம்பு.

"எவ்வளவு பெரிய வட்டம்னு வரைஞ்சு காட்ட முடியுமா?" என்றாள்.

தினசரி காலண்டரில் பழைய தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள் அக்கா. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். கால் மணிக்கொரு தரம் நிழல் எங்கே வந்து நிற்கிறதோ, எப்படி வளைகிறதோ, அதைப் பென்சிலால் அந்த வட்டத்துக்குள் இழுத்துப் படி வழியாகக் கீழே கொடுத்தேன். என் கை ஓவியக் கை அல்ல, ஆனாலும் வளைவை மட்டும் கவனமாக எடுத்தேன். அவளுக்கோ காம்பஸ் கிடையாது, கூர்முனை ஆகாதே. நூல்கண்டிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்துப் பென்சிலில் கட்டி, மறுமுனையைக் கட்டைவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு, வயிற்றை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்து, என் வளைவோடு பொருந்துகிற வட்டத்தைத் தேடினாள். நூலைக் கூட்டினாள், குறைத்தாள். வளையல் தரையில் உரசும் சத்தம் மேலே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்தே முக்கால் வாக்கில் விடை வந்தது: நிழல் வட்டம் நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல், மூன்றுக்குக் கீழ்.

சரியான விடை ஏறக்குறைய 2.7. நிலா இருக்கிற தூரத்தில் பூமியின் கருநிழல் அவ்வளவு அகலம்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கத்து அரிஸ்டார்க்கஸ் இதே வழியில்தான் பூமியோடு ஒப்பிட்டு நிலாவின் அளவைக் கண்டுபிடிக்கப் பார்த்தார். அவர் நிழலை இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டார். காலண்டர் தாளும் நூலும் வைத்திருந்த இவள் அவரைவிடக் கிட்டே போயிருந்தாள், அதுவும் நிலாவை ஒரு கணம்கூடப் பார்க்காமல்.

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்

நூலோடு அவள் தரையில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னொருவரை நினைவுபடுத்தியது. எங்கள் ஊருக்கு வடக்கே, பஸ்ஸில் ஏறினால் ஒரு மணிக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் இருந்தார். சென்னை வானாய்வுக்கூடத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன் அவரைத் தேடிப்போய் ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். ஏட்டைப் புரட்டாமல், எழுதாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அவர் சோழிகளை நகர்த்தினார். 1825 மே 31 இரவு கழிந்து ஜூன் 1 விடியலில் வந்த கிரகணம் அது. தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வாரன் இதை அதே ஆண்டு சென்னையில் வெளியான தன் நூலில் பதிந்துவைத்தார். அந்தக் கணக்குமுறை பாபிலோனிய வானியலின் நீண்ட மரபைத் தொட்டு வருவது என்பதைப் பின்னாளில் ஓட்டோ நாய்கெபாவர் போன்ற வானியல் வரலாற்று அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

அவருக்கும் முன்னால் அதே புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீல். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் கடந்து வந்து, 1769 ஜூனில் மேகத்தால் அதைத் தவறவிட்டவர். இந்தக் கரையோர மேகம் எனக்கும் தெரிந்த மேகம், அவர்மேல் எனக்கு எப்போதும் இரக்கம் உண்டு. அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை, இங்குள்ளவர்களிடம் கணக்குமுறை கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு, ஐரோப்பாவில் அன்று பேர்போன டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி அதிகம் என்று அவர் எழுதியிருக்கிறார்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கும். அன்று இரவு பெருமையோடு கோபமும் வந்தது. நிழல் எப்போது தொடும், எப்போது விடும் என்று சோழி நகர்த்திக் கண்டுபிடித்த ஊர் இது. பூமியின் நிழல்தான் நிலாவை மறைக்கிறது என்று கி.பி. 499இலேயே ஆரியபட்டர் எழுதிவிட்ட நாடு இது. அந்த நிழல் எவ்வளவு பெரியது என்று நூலால் அளக்கத் தெரிந்த பெண்ணை அதே நிழலுக்குப் பயந்து அறைக்குள் வைத்திருந்தோம். கிரகணத்தின்போது நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். கருவில் மேலுதடு கூடுவது இரண்டாம் மாதத்தை ஒட்டி. மூன்றாம் மாதம் முடிவதற்குள் மேலண்ணம் உட்பட எல்லாம் கூடி முடிந்திருக்கும். ஏழாம் மாதத்தில் எந்தக் கத்தியும் எந்த நிலாவும் அதைப் பிளக்க முடியாது.

பதினொரு மணிக்கு மேல்

11 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போனது. அதன் பிறகுதான் சொல்வதற்குச் சிரமப்பட்டேன். "ரத்த நிலா" என்று டி.வி.யில் சொல்லிச் சொல்லி, ரத்தச் சிவப்பை எதிர்பார்த்தே எல்லாரும் பார்க்கிறார்கள். கீழே இருந்தவள் விடவில்லை. "எந்தச் சிவப்பு சித்தி? எல்லா இடமும் ஒரே மாதிரியா?" ஒரே மாதிரி இல்லை. வடக்கு விளிம்பு வெல்லப்பாகு முற்றினால் வரும் கருஞ்சிவப்பு. தெற்கு விளிம்பு அதே பாகு இளகி இருக்கும்போது உள்ள மஞ்சள் கலந்த நிறம். நிலா அன்று நிழலின் நடுவுக்குச் சற்றுத் தெற்கே கடந்ததால் தெற்கு ஓரம் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நிலவொளி அடங்கியதும் வானம் கறுத்து, கிழக்கே சனி பளிச்சென்று எழுந்தது. அதுவரை காணாத சின்ன நட்சத்திரங்களும் வந்தன. போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன், ஒரு கலங்கிய புள்ளி மட்டும் விழுந்தது. "படம் வேணாம் சித்தி, வாயாலயே சொல்லுங்க" என்றாள். சொல்லச் சொல்லத்தான் என் கண்ணும் பிரித்துப் பார்க்கக் கற்றது. தனியாகப் பார்த்திருந்தால் "சிவப்பு" என்ற ஒரு வார்த்தையோடு முடித்திருப்பேன்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவள்தான் கீழிருந்து எனக்குப் பாடம் நடத்தினாள். பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியில் சிதறிவிடச் சிவப்பு மட்டும் போய்ச் சேர்கிறது. 11.41க்கு, கிரகணத்தின் நடுவில், கானாவிலும் இங்கிலாந்திலும் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பிஜியிலும் நியூசிலாந்திலும் விடிந்துகொண்டிருந்தது. நான் பார்த்த நிறம் அத்தனை ஊர்களின் மாலையும் காலையும் சேர்ந்தது. காற்றில் எரிமலைத் தூசி நிறைந்திருந்தால் நிலா கிட்டத்தட்ட மறைந்தே போகும். பாலித் தீவின் ஆகுங் எரிமலை வெடித்த 1963ஆம் ஆண்டின் டிசம்பர் கிரகணம் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு இருட்டு என்பதைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை வெறுங்கண்ணால் மதிப்பிட பிரான்சின் ஆந்த்ரே தான்ஜோன் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். நாங்கள் இருவரும் பேசி இரண்டு என்று முடிவு செய்தோம்.

அம்மா ஈரத் தலையோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேத்தி வரைந்த தாள்களை மடியில் வைத்துப் புரட்டினாள். என்ன நினைத்தாளோ, யாரையும் பார்க்காமல் பேசத் தொடங்கினாள்.

"உங்கக்காவுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தங்கலை."

அது எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஐந்தாம் மாதமாம். அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு கிரகணம் வந்து போயிருக்கிறது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தாளாம், அவ்வளவுதான். கரு கலைந்தபோது வீட்டில் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். அடுத்த பிள்ளை பிறக்கும் வரை சொன்னார்கள், பிறந்த பிறகும் சொன்னார்கள்.

"நிலா என்ன செய்யும்னு எனக்குப் பயமில்லைடி. அது ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கும் தெரியும். நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா இவளைத்தான் சொல்லுவாங்க. வாழ்நாள் பூரா சொல்லுவாங்க. அந்தப் பேச்சு இவளுக்கு வேணாம்."

நான் அதுவரை தயாராக வைத்திருந்த வாதங்கள் எல்லாம் நிலாவைப் பற்றியவை. உதடு எந்த மாதத்தில் கூடுகிறது, ஒளி எப்படி வளைகிறது, எல்லாம் சரியான தகவல்கள். அம்மாவின் பயத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இரட்டைத் திரையும் கிண்ணத்து ஊக்குகளும் ஊர் வாய்க்குப் போட்ட அணை. கருவுற்ற பெண்ணுக்கு நேர்கிற எதற்கும் அவளே காரணம் என்று சொல்லிவிடுகிற வாய் அது. கரு கலைவதற்குப் பெரும்பாலும் அந்தப் பெண் செய்த எதுவும் காரணமே இல்லை என்று மருத்துவம் சொல்கிறது. அதை யாரும் அன்று அம்மாவிடம் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு கழித்து, செம்பு நிறத்தில் நிலா தொங்கிக்கொண்டிருந்தபோது, பேத்திதான் சொன்னாள். நாற்காலியை விட்டு எழுந்து வந்து பாட்டி பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "பாட்டி, துணி எடுக்கப் போனதால ஒண்ணும் ஆகலை. உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்றாள். அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா மகள் மாடிக்கு வரவில்லை. 12.22க்கு இடது கீழ் விளிம்பில் வெள்ளை ஒளி திரும்ப வந்ததையும் நான்தான் சொன்னேன். 1.26க்கு நிழல் முழுதாக விட்டதும் அம்மா இரண்டாம் குளியல் குளித்தாள்.

மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு இப்போது ஒத்துப்போவதில்லை. கர்ப்பிணிகள் தாராளமாகக் கிரகணம் பார்க்கலாம், சாப்பிடலாம், காய் நறுக்கலாம், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் திரையை விலக்கச் சொல்லி வீட்டுப் பாட்டிகளோடு மல்லுக்கு நிற்பவர்கள், பிள்ளை தங்காத பெண்ணிடம் "அன்னைக்கு வெளியில போனியே" என்று சொல்கிற வாயை அடைக்கவும் வரவேண்டும். முதல் வேலையைவிட அது கஷ்டம். நான் என் உறவுக்காரர்களிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். சிலர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பேத்திக்கு நவம்பர் கடைசியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. 2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமி அன்று இன்னொரு கிரகணம். முழுமறைவு நம் ஊரில் நிலா எழுவதற்கு முன்பே முடிந்துவிடும், ஆனால் கடலிலிருந்து நிலா எழும்பும்போதே ஒரு பக்கம் நிழலோடு வரும். 6.47 வரை நேரம் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தன் பள்ளிப் பிள்ளைகளை டம்ளரும் பென்சிலும் பழைய காலண்டர் தாளுமாக வரச்சொல்லியிருக்கிறாள். முழுதாகப் பார்க்க 2028 டிசம்பர் 31 இரவு வரை காத்திருக்கவேண்டும், அதையும் காலண்டரில் எழுதிவைத்திருக்கிறாள். மார்ச்சில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, தான் பார்த்துக்கொள்வதாக அம்மாவே சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை: கடற்கரையிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடவேண்டும். பேத்தி சரி என்று சொல்லிவிட்டாள்.